கல் சுமக்கும் மீன்

என் மனைவி வேதவல்லியை வாரியத்து வேன் ஏற்றிக்கொண்டு போன அன்று, அதே வாரியம் எனக்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒரே மீன்.

என் பெயர் தணிகாசலம். கொளத்தூரில் வண்ணமீன் கடை. முப்பது வருடமாக மீன் வளர்க்கிறேன், விற்கிறேன், செத்ததை வழித்துப் போடுகிறேன். இந்தத் தொழிலில் மூன்றாவது வேலைதான் அதிகம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ரைஹானா என்றொரு பெண் கடைக்கு வந்தாள். மீன் வாங்க வரவில்லை. என்னுடைய ஆறடித் தொட்டியைச் சுற்றி எட்டு கேமரா வைக்க அனுமதி கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத எல்லைகளைக் கண்டுபிடித்து வரைந்து காட்டும் ஒரு மென்பொருள் எழுதுவதாகச் சொன்னாள். அந்தத் தொட்டியில் அப்போது பன்னிரண்டு சிக்லிட் மீன்கள் இருந்தன. உடம்பில் கைதிச் சட்டை மாதிரி கறுப்பு வரி இருக்கும், கான்விக்ட் என்போம். பெயருக்கு ஏற்ற குணம். கேமராதானே, தீனியா கேட்கப்போகிறது என்று சரி சொல்லிவிட்டேன்.

"இது இந்த மீனோட இடம்னு எப்படி சார் தெரியும்? தொட்டிக்குள்ள கோடு ஒண்ணும் இல்லையே?" என்று முதல் நாளே கேட்டாள்.

"கோடு இருக்கும்மா. நமக்குத்தான் தெரியாது. அந்தச் சின்ன மீனைப் பாரு. நேரா போனா அந்த உடைஞ்ச பானைத் துண்டைத் தாண்டித்தான் போகணும். போகுதா? மேல ஏறி, சுத்திக்கிட்டுப் போகுது பாரு. அது எந்த இடத்துல வளையுதோ, அங்க கோடு."

அவள் எழுதிக்கொண்டாள். "சண்டை போடற இடம்தான் எல்லைன்னு நெனச்சேன்."

"புது மீன்தான் சண்டை போடும். பழகினது ஒதுங்கிடும்."

"அப்ப யாரு முதலாளின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெருசா இருக்கறதா?"

"பெருசு சிறுசெல்லாம் இல்ல. எது அடியில கிடக்கற கல்லை வாயில கவ்வி இங்கேருந்து அங்க தூக்கிப் போடுதோ, அதுதான் அந்த இடத்துக்குச் சொந்தக்காரன். மத்ததெல்லாம் வாடகைக்கு இருக்கறதுங்க. அதோ, பாரு."

அது மேஸ்திரி. நான் வைத்த பெயர்தான். நாள் முழுக்கக் கல் சுமக்கும். சுமந்து ஒரு குழி பறிக்கும். மறுநாள் அது பிடிக்காமல் இன்னொரு குழி பறிக்கும். பக்கத்தில் எந்த மீன் வந்தாலும் பாயும். தொட்டியில் முக்கால் பங்கு அதனுடையது. மற்ற பதினொன்றும் மேல் மூலையில் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

"ரொம்ப அடாவடி பண்ணா என்ன சார் பண்ணுவீங்க?"

"தனித்தொட்டி. பதினஞ்சு நாள் அதுல போட்டுவெச்சிருவேன். அதுக்குள்ள மத்ததெல்லாம் இங்க இடத்தைப் பிரிச்சு எடுத்துக்கும். திரும்ப விடறப்ப இதுக்குன்னு ஒரு மூலையும் இருக்காது. பொட்டிப்பாம்பா அடங்கிடும்."

"பதினஞ்சு நாள் போதுமா?"

"தாராளமா."

சொன்னபடி செய்தும் காட்டினேன். திரும்ப விட்டபோது மேஸ்திரி வரியெல்லாம் மங்கி, வெளுத்துப்போய், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓரமாக நின்றது. கல்லைத் தொடவே இல்லை. ரைஹானாவின் திரையில் தொட்டி முழுவதும் பங்கு போட்ட மனை மாதிரி அழகாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அவள் கைதட்டினாள்.

அப்போது நான் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டேன். தனித்து வைத்த மீனைத் திரும்ப விடும் முன் கல், ஓடு, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைக்கவேண்டும். அப்போதுதான் எல்லா மீனும் புதிதாக வந்த மாதிரி திகைத்து, திரும்பி வந்ததற்கும் ஓர் இடம் கிடைக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன், டீ வந்துவிட்டது. இன்னொன்று, தனித்தொட்டியில் இருந்த பதினைந்து நாளும் மேஸ்திரி வெளுக்கவே இல்லை. அங்கே கிடந்த நாலு கூழாங்கல்லை மூலையில் சேர்த்துவைத்து, அதன் நடுவில் பளபளவென்று நின்றது. இதை அவள் கேட்கவில்லை. மீன் நிம்மதியாக இருந்தால் யார் கவனிக்கிறார்கள்?

அடுத்த வருடம் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் திரும்பிப் போகவில்லை.

கடலை ஒட்டியிருந்த பாதி ஊருக்கு வீடு இல்லாமல் போயிற்று. மிச்சப் பாதியின் வீடுகளில் அவர்களைக் குடிவைக்கப் பகிர்வு வாரியம் என்று ஒன்று அமைத்தார்கள். ஒரு வீடு, இரண்டு குடும்பம், ஒரு சமையலறை. முதல் மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரிகளில் கரண்டிக் காயம் என்று தனியாக ஒரு பதிவேடு வைத்ததாகச் சொல்வார்கள். அதற்குப்பிறகுதான் ரைஹானா வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் எல்லைமானி வந்தது. வட்டமாக, வெள்ளையாக, ஓரத்தில் கொஞ்சம் நெளிந்திருக்கும். ஊரே அதை அப்பளம் என்றது.

அப்பளம் யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு யார் ஒதுங்குகிறார்கள், யார் எதை நகர்த்துகிறார்கள் என்று மாதம் முழுக்கப் பார்க்கும். ஐந்தாம் தேதி வரைக்கும் கணக்கெடுத்து அன்றே அறிக்கை வரும். ஒருவர் ஆளும் பரப்பு எழுபது சதவீதத்தைத் தாண்டினால் அவர் 'மேலாதிக்க நபர்'. பதினைந்து நாள் அமைதி இல்லத்தில் இருந்துவிட்டு வரவேண்டும். சண்டைகள் பாதியாகக் குறைந்தன. எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'நன்னீர் மீன் நடத்தையியல் நிபுணர்' என்று அதில் போட்டிருந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் வேறென்ன செய்வான், சட்டம் போட்டு மாட்டினேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் மரியதாஸ். ராயபுரத்துக்காரர். பேருந்து கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பேருந்துக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. காலையில் குளியலறை வாசலில் நின்றுகொண்டு, "உள்ள இருக்கறவங்க இறங்குங்க, வெளிய ஆள் நிக்குது" என்பார். கூடத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் நின்றால், "வழியில நிக்காத சார், முன்னாடி போ, முன்னாடி காலியாத்தான் கீது" என்பார். முன்னாடி சுவர்தான் இருக்கும். அவர் மனைவி பிலோமினா துணிக்கடையில் பில் போடுகிறவள். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை நின்றுவிட்டு வருவாள். வந்ததும் எதன்மேலாவது உட்கார்வாள். அது நாற்காலியா என்று பார்க்கமாட்டாள்.

எங்கள் வீட்டில் யாராவது ஒருநாள் அமைதி இல்லத்துக்குப் போவார்கள் என்றால் அது மரியதாஸ்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். வெளிப்படையாகச் சொன்னால், ஆசையோடு காத்திருந்தேன். ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் அவர் பெயரைத் தேடுவேன். அறுபது, அறுபத்திரண்டு என்று எங்கேயோ ஒரு எண் இருக்கும், யாருடையது என்று போட்டிருக்காது. எழுபது தாண்டினால்தான் பெயர் வரும்.

சித்திரை மாதத்து அறிக்கையில் பெயர் வந்தது. மேலாதிக்க நபர்: த. வேதவல்லி, எழுபத்தொரு சதவீதம்.

நான் இரண்டு தடவை படித்தேன். மரியதாஸ் என் தோள்வழியாக எட்டிப் படித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக மெதுவாகப் பேசினார். "அக்காவா? அக்கா இன்னா சார் பண்ணாங்க?"

வேதவல்லி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "எழுபத்தொண்ணா?" என்றாள். "பள்ளிக்கூடத்துலகூட நான் இவ்வளவு வாங்கினதில்லைங்க."

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் நேராக வாரியத்துக்குப் போனேன். ரைஹானா எழுந்து நின்று நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை.

"என் பொண்டாட்டியாம்மா மேலாதிக்கம்? அவ குரல் பக்கத்து ரூமுக்கே கேக்காது."

"மெஷின் குரலைப் பாக்கறதில்ல சார். உங்களுக்குத் தெரியாதா?" என்று திரையைத் திருப்பினாள். எங்கள் வீடு மேலிருந்து தெரிந்தது. நான்கு புள்ளிகள். நீலப்புள்ளி மட்டும் கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை, மொட்டைமாடிப் படி என்று எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டே இருந்தது. "வீட்ல இருக்கற பொருளை யாரு சார் நகர்த்தறாங்க?"

"அவதான். நகர்த்தாம எப்படிப் பெருக்கறது?"

"மெஷினுக்குப் பெருக்கறது தெரியாது சார். நகர்த்தறதுதான் தெரியும். இங்க பாருங்க, அவங்க கூடத்துக்கு வர்றாங்க. நீங்க நாற்காலியில இருக்கீங்க. என்ன பண்றீங்க?"

திரையில் என் புள்ளி சுருங்கியது.

"காலைத் தூக்கிக்கறேன்," என்றேன்.

"மரியதாஸ் சார்?"

"அவரும் தூக்கிக்கறார்."

"பின்வாங்கல்," என்றாள் ரைஹானா. "ஒரு நாளைக்கு ஆறு தடவை. வீட்டிலிருக்கிற எல்லாரும் அவங்களுக்குப் பின்வாங்கறீங்க. கல்லைத் தூக்கறது யாரோ அவர்தான் சொந்தக்காரர்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நான் மீனைச் சொன்னேன்."

"நான் மீனை வெச்சுத்தான் எழுதினேன்."

சண்டை போட முடியவில்லை. அவள் சொன்னது எல்லாம் நான் சொன்னது. விதிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் திருத்துவார்களாம். அடுத்த திருத்தம் வருகிற மாதம் முதல் வாரம். "அப்ப நிபுணர் கருத்துன்னு நீங்களே ஒரு தாள் எழுதிக் கொடுங்க சார், எடுத்துக்குவாங்க," என்றாள். அதுவரை சட்டம் சட்டம்தான்.

வேன் வந்தது. வேதவல்லி இரண்டு புடவையும் ஒரு சீப்பும் எடுத்துக்கொண்டாள். ஏறும்போது, "அரிசி நீலமூடி டப்பாவுல இருக்கு," என்றாள். இருபத்தொன்பது வருடத்தில் நாங்கள் பிரிந்து இருந்தது அவள் பிரசவத்துக்குப் போனபோது மட்டும்தான். மரியதாஸ் வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்," என்றார். பழக்கதோஷம். பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் துடைப்பம் எங்கே இருக்கிறது என்று தேடினோம். நானும் மரியதாஸும் ஒரு மணி நேரம் தேடினோம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. இத்தனை வருடமாக அந்தக் கதவை ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து மூடியிருக்கிறேன். கண்டுபிடித்தபிறகு, யார் பெருக்குவது என்று இரண்டு பேரும் மரியாதையாக விட்டுக்கொடுத்துக்கொண்டோம். துடைப்பம் ஆணிக்கே திரும்பிப் போயிற்று. ஏழாம் நாள் பிலோமினா வந்து எதன்மேலோ உட்கார்ந்தாள். அது எங்கள் மூன்று பேரின் துவைக்காத துணி. "நல்லா மெத்துனு இருக்கே," என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

வாரியத்துத் திரையில் பார்த்தால் வீடு அருமையாக இருந்திருக்கும். ஆளுக்கு முப்பத்துமூன்று சதவீதம். எனக்கு வாழ்நாளில் அவ்வளவு இடம் கிடைத்ததில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றேன்.

எட்டாம் நாள் பார்க்க அனுமதி உண்டு. அமைதி இல்லம் திருவள்ளூரைத் தாண்டி ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இருந்தது. அடாவடிக்காரர்கள் நாற்பத்தாறு பேர். வாசலில் நின்று எண்ணினேன். நாற்பத்திரண்டு பேர் பெண்கள். முக்கால்வாசிப் பேர் பகல் பதினொரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மிச்ச நான்கு ஆண்களில் மூன்று பேர் ஓட்டல் சர்வர், வீட்டோடு இருக்கும் மருமகன் என்று அந்த வகை. ஒருவர் மட்டும் நிஜமாகவே ரவுடி. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஓரமாக இருந்தார்.

வேதவல்லிக்கு ஜன்னலோரக் கட்டில். தலைமாட்டில் ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் அவள் கட்டில், ஒரு முக்காலி, ஜன்னல் மூன்றையும் சுற்றிப் பச்சைக் கோடு. ஆறுக்கு நாலு அடி.

"இது என்னோடதாங்க," என்றாள். "இதுக்குள்ள யாராவது வந்தா சத்தம் போடும். வேணும்னா கை நீட்டிப் பாருங்க."

நீட்டினேன். கீக் என்றது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். பெண் பார்க்கப் போன அன்று பார்த்தது.

அந்த நேரம் பணியாள் ஒருவர் துடைப்பத்தோடு வந்தார். வேதவல்லி பேச்சை நிறுத்தாமல் இரண்டு காலையும் கட்டில்மேல் தூக்கிக்கொண்டாள். அவர் பெருக்கிவிட்டுப் போனார். அவள் காலை இறக்கினாள்.

"நீ நல்லா இருக்கியா வேதா?"

"நல்லா இருக்கேங்க. நீங்கதான் இளைச்சுட்டீங்க."

முகத்தில் நல்ல நிறம் ஏறியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. நான் அங்கே துணிமூட்டைகளுக்கு நடுவே இருக்கிறேன், இவள் இங்கே ஜன்னலோரம் இருக்கிறாளே என்று. திரும்பும் வழியெல்லாம் அந்தக் கோபத்தோடுதான் வந்தேன்.

பதினாறாம் நாள் வேன் அவளைக் கொண்டுவந்து விட்டது. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கூடத்துக்குள் இரண்டடி வந்து, சுவரை ஒட்டி நின்றாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி குடிக்கலாமாங்க?" என்று கேட்டாள்.

இருபத்தொன்பது வருடம் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள். நான் ஓடிப்போய் டம்ளரைக் கழுவி, ஊற்றிக் கொடுத்தேன். "நல்லா இருக்கு," என்றாள், வந்த வீட்டில் சொல்வது மாதிரி. டம்ளரை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அன்று முழுவதும் அங்கேயே இருந்தாள். மறுநாளும். எதையும் தொடவில்லை. நாங்கள் மூன்று பேரும் சமைத்ததைச் சாப்பிட்டாள். அதிலேயே அவள் மனம் விட்டுப்போனது தெரிந்தது. மேஸ்திரி கடைசிவரை ஓரமாகவே நின்று, மூன்று மாதத்தில் செத்துப்போனது. அதை நான்தான் வழித்துப் போட்டேன். அது நினைவுக்கு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மரியதாஸைக் கூப்பிட்டேன். "வீட்ல இருக்கற எல்லாத்தையும் இடம் மாத்தி வெக்கணும்."

"இன்னாத்துக்கு சார்?"

"கல்லை மாத்தி வெச்சா எல்லா மீனும் புதுசா வந்த மாதிரி ஆயிடும். அவளுக்கும் ஒரு இடம் கிடைக்கும்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பீரோ, கட்டில்கள், சாப்பாட்டு மேசை, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நகர்த்தினோம். "பின்னாடி வா, வா, வா, ஹோல்டான்," என்று அவர் வழி சொல்ல, நான் தள்ளினேன். சாயங்காலம் கட்டில் இருந்த இடத்தில் மேசையும், மேசை இருந்த இடத்தில் பீரோவும் இருந்தன. பிலோமினா வேலையிலிருந்து வந்து வழக்கமான இடத்தில் உட்காரப்போய்த் தரையில் உட்கார்ந்தாள். வேதவல்லி எல்லாவற்றையும் நாற்காலியிலிருந்தே பார்த்தாள். "பரவால்லைங்க, ரெண்டு பேரும் நல்லா நகர்த்தறீங்க," என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு நாள் கழித்து, இருபத்தைந்தாம் தேதி, கடையிலிருந்து வந்தபோது சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணி காலியாக இருந்தது.

வேதவல்லி கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சும்மா பெருக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து தள்ளிய பீரோவை ஒற்றையாளாக இடுப்புக் கொடுத்து நகர்த்தி, அதற்கடியில் பெருக்கினாள். மறுபடி அதே இடத்துக்கு நகர்த்தினாள். நாற்காலியில் இருந்த மரியதாஸ் காலைத் தூக்கிக்கொண்டார். நான் பின்னால் நகர்ந்தேன். மறுநாள் மூன்று தடவை பெருக்கினாள். அதற்கு மறுநாள் ஐந்து தடவை. மொட்டைமாடிப் பூந்தொட்டிகளை எல்லாம் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாற்றினாள்.

"அக்கா பழைய ஃபார்முக்கு வந்துட்டாங்க சார்," என்றார் மரியதாஸ். நான் பெருமையாகத் தலையாட்டினேன். முப்பது வருட அனுபவம் வீண்போகவில்லை. கல்லை மாற்றி வைத்தால் மீன் தேறிவிடும்.

முதல் தேதி காலை வாரியத்துக்குக் கிளம்பினேன். ரைஹானா கேட்ட நிபுணர் கருத்தை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வைத்திருந்தேன். மனிதர்களுக்குக் கல் விதி பொருந்தாது, பெருக்குவது ஆள்வது ஆகாது, உடனே நீக்கவேண்டும் என்று. சான்றிதழின் நகல் ஒன்றை இணைக்கலாம் என்று பீரோவின் அடித்தட்டில் தேடினேன். பீரோ இப்போது புது இடத்தில் இருந்ததால் கதவு பாதிதான் திறந்தது. கையை விட்டுத் துழாவியபோது ஒரு துணிப்பை அகப்பட்டது.

உள்ளே நான்கு புடவை, சீப்பு, மூக்குக்கண்ணாடி, ஒரு தலையணை உறை. மேலே அமைதி இல்லத்தில் கொடுக்கும் விதிமுறைத் தாள் மடித்து வைத்திருந்தது. அதில் ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தாள். 'இரண்டாம் முறை மேலாதிக்கம் உறுதியானால், தங்கும் காலம் முப்பது நாள்.'

அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் துடைப்பச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு பையை இருந்தபடியே உள்ளே வைத்துவிட்டு வாரியத்துக்குப் போனேன்.

ரைஹானா தயாராக இருந்தாள். "வாங்க சார். உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன். போன ஆறு மாசத்துல அமைதி இல்லத்துக்குப் போனவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் லேடீஸ். ரெண்டாம் தடவை வர்றவங்களும் அதிகமாயிட்டே போறாங்க. வாரியத்துக்குச் சந்தேகம் வந்திடுச்சு. கல் விதி தப்புன்னு நீங்க எழுதிக் கொடுத்தா இன்னிக்கே எடுத்திடுவாங்க. சரின்னு எழுதினா அடுத்த ஆறு மாசத்துக்கு யாரும் தொட மாட்டாங்க."

சட்டைப்பையில் தாள் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். வேதவல்லி வீட்டிலேயே இருப்பாள். காலையில் காபி கிடைக்கும். நீலமூடி டப்பாவில் அரிசி இருக்கும். எனக்கு அதெல்லாம் வேண்டும். இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் எனக்கு மேஸ்திரிதான் கண்ணில் நின்றது. பெரிய தொட்டியில் ஓரமாக வெளுத்து நின்ற மேஸ்திரி இல்லை. தனித்தொட்டியில், நாலு கூழாங்கல்லுக்கு நடுவில், பளபளவென்று நின்றது. அதைப் பார்த்தும் பதினைந்து நாள் முடிந்ததும் வலையைப் போட்டுப் பிடித்துக் கொண்டுவந்தவன் நான்.

"வேற ஒரு தாள் கொடும்மா," என்றேன்.

எழுதினேன். 'கல்லைச் சுமக்கிறது எதுவோ அதுவே அந்த இடத்துக்கு உரியது. என் முப்பது வருட அனுபவத்தில் இதற்கு விலக்கு இல்லை. விதி சரியானதே.' கையெழுத்துப் போட்டேன்.

ரைஹானா படித்தாள். "நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களா சார்?"

"மீன் விஷயத்துல நான் தப்புச் சொல்ல மாட்டேம்மா."

அவள் தாளைக் கோப்பில் வைத்து, நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல், "எங்கம்மா போன மாசம் அறுபத்தெட்டு சார்," என்றாள். "இந்த மாசம் தாண்டிடுவாங்கன்னு நெனைக்கிறேன்."

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. வேதவல்லி அந்த நாளின் மூன்றாவது பெருக்கலில் இருந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கியது. பார்க்கப் பொறுக்கவில்லை. "கொடு, நான் பெருக்கறேன்," என்று துடைப்பத்தைப் பிடித்தேன்.

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நீங்க தொட்டா உங்க கணக்குல ஏறிடும்ங்க. அஞ்சாம் தேதிக்கு அப்புறம் பெருக்குங்க," என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் சொன்னது உறைத்தது அவளுக்கு. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பையில அந்த ஊதா சால்வையையும் வெச்சுக்கோ," என்றேன். "ஜன்னலோரம் காத்து அடிக்கும்."

அவள் கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். துடைப்பம் பக்கத்தில் வந்தது. அப்பளத்துக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்று, இரண்டு காலையும் முடிந்த மட்டும் உயரத் தூக்கிக்கொண்டேன்.